கூண்டுக்குள் விட்ட மூச்சு

பாப்பாவுக்கு,

உன் கட்டுரையை நீ இன்னும் யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நம்பி என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்குச் சந்தேகம்தான். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொன்ன வீட்டுப்பாடத்தைச் சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் நீ. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். உன் சோதனையில் சாதாரணக் காற்று விட்ட கூண்டுகளில் சில நாள் காலையில் கரியமில வாயு ஏறியிருந்தது அல்லவா? அதற்குத் தண்ணீர் ஊற்றும் பாண்டியம்மாள் காரணம் இல்லை. நான்தான் காரணம். நைட்ரேட் போட்ட சட்டிகளில் பயிர் மற்றவற்றைவிட வெளுக்காமல் நின்றதற்கும் அவள் காரணம் இல்லை. அதற்கு யார் காரணம் என்பதையும் கீழே எழுதுகிறேன். அதுவரை அந்தக் கட்டுரை உன் கையிலேயே இருக்கட்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்று முறை எண்ணை அழுத்தினேன். "சொல்லுங்கப்பா" என்று நீ சொன்னதும், சாப்பிட்டாயா, கோயம்புத்தூரில் குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேரில் பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுதுவதும், கடிதத்தில் எழுத வேண்டியதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வதும் என் பழக்கம். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது ஒரு வெப்பமானியை நம்பாமல் பக்கத்து வீட்டில் ஒன்றும் மருந்துக்கடையில் ஒன்றும் வாங்கி வந்து, மூன்றையும் வைத்துச் சராசரி எடுத்தேன். உன் அம்மா, "புள்ள கொதிக்குது, இவரு கணக்குப் போடுறாரு. ஒங்க சந்தேகத்துக்கு மூணு தெர்மாமீட்டர் பத்தாது, மூணு பொண்டாட்டி வேணும்" என்றாள். பார்க்கிறவர்கள் இதை ஜாக்கிரதை என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜாக்கிரதைக்காரன் முதலில் தன்னைச் சரிபார்க்க வேண்டும். நான் ஒருமுறையும் அதைச் செய்யவில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. வரிசையாக எழுதாவிட்டால் நான் சொல்ல வருவது எனக்கே பிடிபடாது. மேலூர் சாலைப் பக்கம் உங்கள் கல்லூரிப் பண்ணையில் நீ நான்கு கூண்டுகள் கட்டினாய். சுற்றிலும் பாலிதீன், மேலே திறப்பு. இரண்டில் வெளியில் உள்ள காற்றே. மற்ற இரண்டில் சிலிண்டரிலிருந்து கூடுதல் கரியமில வாயு, இன்னும் சில பத்தாண்டுகள் கழித்து உலகக் காற்று எப்படி இருக்குமோ அந்த அளவுக்கு. ஒவ்வொரு கூண்டிலும் நெல் சட்டிகள். பாதிச் சட்டிகளுக்குத் தழைச்சத்து அமோனியமாக, பாதிக்கு நைட்ரேட்டாக. தழைச்சத்து என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் வேருக்கு அது இரண்டு வேறு சாப்பாடு. அமோனியத்தைப் பயிர் அப்படியே புரதம் கட்ட எடுத்துக்கொள்ளும். நைட்ரேட்டை முதலில் மாற்றியாக வேண்டும், அதற்கு இலை தன் பலத்தைச் செலவழிக்க வேண்டும். நெல்லிலும் கோதுமையிலும் அந்த வேலை பெரும்பாலும் ஒளிச்சுவாசத்தோடு, அதாவது வெளிச்சத்தில் இலை ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுவதோடு, ஒட்டி நடக்கிறது என்கிறார்கள். காற்றில் கரியமில வாயு கூடினால் ஒளிச்சுவாசம் குறையும். குறைந்தால் நைட்ரேட்டை மாற்றும் வேலையும் தளரும். அப்போது இலையில் சர்க்கரை ஏராளமாக இருக்கும், புரதம் கட்ட ஆளிருக்காது. முதலில் வேகமாக நடந்த ஒளிச்சேர்க்கை நாளாக ஆக மந்தமாகும், மணியில் புரதம் குறையும். சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு இந்தக் கவலை குறைவு. அவை கரியமில வாயுவைத் தாமே இலைக்குள் திரட்டி வைத்துக்கொள்பவை. வெளியில் கூடினாலும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நெல்தான் பாவம். ஊரே நெல் சாப்பிடுகிறது என்பதால் நாமும்தான்.

இதை எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் நீ சோதித்தாய். கூடுதல் வாயுக் கூண்டில் நைட்ரேட் சட்டிகள் பின்தங்கும், அமோனியச் சட்டிகள் முன்னே போகும் என்று எதிர்பார்த்தாய். நாற்பது நாள் தாண்டியும் இரண்டும் ஒரே பச்சையாக நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ தட்டைத் தொடாமல், "ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லப்பா, எங்கயோ தப்பு நடக்குது" என்றாய். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். சோணைமுத்துவின் கதையைச் சொன்னேன். உன் அம்மாவும் நீயும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் இந்த விவகாரம் முளைத்தது.

அந்தக் கதையில் பாதியைத்தான் அன்று சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன். நான் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சோளச் சட்டிகளில் தழைச்சத்தே போடாமல் ஒரு வரிசை வைத்திருந்தோம். பயிர் எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பதுதான் வேலை. அது வெளுக்கவில்லை. ஒரு நாள் சட்டியின் விளிம்பில் வெள்ளைக் குருணை ஒன்று கிடந்தது. தண்ணீர் ஊற்றும் சோணைமுத்துவைக் கேட்டேன். மனிதர் மறைக்கவே இல்லை. "புள்ள வெளுத்துப் போயி நிக்குதுய்யா. பாத்துக்கிட்டு சும்மா தண்ணிய ஊத்திட்டுப் போகச் சொல்றீகளா? ஒரு சிட்டிகதான் யூரியா போட்டேன். அம்புட்டுத்தான்" என்றார். பட்டினி போட்டு வைத்த பயிரைப் பார்க்கச் சகிக்காமல் ஊட்டிவிட்டிருக்கிறார். வயலில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. இதுவரை உங்களுக்குச் சொன்னேன். நான் அதை மேலதிகாரியிடம் சொல்லவில்லை என்பதை மறைத்துவிட்டேன். அவர் குரல் உயர்ந்தால் எனக்குப் பயம். கெட்டுப்போன அந்த எண்கள் அப்படியே அறிக்கையில் ஏறின, என் பெயரும் மூன்றாவதாக ஏறியது. அதற்குப் பிறகு வந்த ஓர் இளைஞர் அதே சோதனையை இரண்டு பருவம் செய்தார். அவருக்குப் பயிர் ஒழுங்காக வெளுத்தது. ஆனால் எங்கள் அறிக்கையோடு ஒத்துவராததால், "கைராசி இல்லாத ஆளு" என்று பெயர் வாங்கி, மனம் உடைந்து வேறு வேலைக்குப் போனார். அவர் போன அன்று நானும் மாலை போட்டு வழியனுப்பினேன். அவரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து வெளுக்க வேண்டிய இடத்தில் பச்சையைப் பார்த்தால் எனக்கு யாரோ ஒருவருடைய கைதான் ஞாபகத்துக்கு வரும். உன் பண்ணையில் அந்தக் கைக்கு ஒரு முகமும் இருந்தது. நாற்பத்தைந்து வயது, தினமும் வந்து ஒரு சட்டிக்கு ஒரு லிட்டர் என்று அளந்து ஊற்றுகிற பாண்டியம்மாள். அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கூலி வேலைக்குப் போன குடும்பம், இப்போது சொந்தமாக அரை ஏக்கர் வாங்கியிருக்கிறார்கள், வாய் கொஞ்சம் நீளம். சந்தேகப்பட இது போதுமா என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது அவள் எப்போது சாப்பிடப் போவாள் என்பதைத்தான்.

நீ உன் வேலையாகக் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அலைந்துகொண்டிருந்த அந்த ஆறு வாரத்தில் நான் பதினொரு நாள் உன் பண்ணைக்குப் போயிருக்கிறேன். அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுப் பசுமலையில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து மேலூர் பஸ். மூன்றாவது நாளே அவள், "பென்ஷன் ஆபீஸ்ல எப்ப இருந்துங்க நடவு ஆரம்பிச்சாங்க? வேட்டி ஓரத்துல சேறு" என்றாள். வடிகால் வேலை நடக்கிறது என்று சொன்னேன். பண்ணைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, ஒன்பது மணிக்குப் பாண்டியம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போகும்வரை காத்திருப்பேன். அவள் போனதும் உள்ளே போவேன். ஒரு முறை அவள் சீக்கிரம் திரும்பி, வாசலில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"என்னங்கய்யா, இம்புட்டுத் தூரம்?"

"சும்மாதான்மா. காத்து வாங்கலாம்னு."

"காத்தா? இங்க காத்து சிலிண்டர்ல வருதுங்கய்யா. வெல சாஸ்தி. பாப்பாவக் கேட்டுட்டு வாங்குங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இவள் ஏன் இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறாள், எதை மறைக்கிறாள் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவனுக்கு எதிரே இருப்பவர் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

"அப்பா, கூண்டுக்குள்ள மட்டும் போயிறாதீங்க" என்று நீ முதல் நாளே சொல்லியிருந்தாய். நான் நான்கு கூண்டுக்குள்ளும் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு சட்டியின் விளிம்பையும் குனிந்து பார்த்தேன். யூரியாக் குருணை கரைந்த தடம் தெரிகிறதா என்று மண்ணைக் கீறினேன். கீறிய மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, காகிதத்தில் பொட்டலம் மடித்து, தேதியும் சட்டி எண்ணும் எழுதி, வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் காயவைத்தேன். ஒரு கூண்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் கரியமில வாயுவை அளக்கும் உன் கருவியின் உறிஞ்சு குழாய்க்கு ஒரு முழம் தள்ளி என் மூக்கு இருந்தது. நான் வேலையில் இருந்த காலத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? இலையிடம் பேசாதே, இலைமேல் மூச்சு விடாதே, நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு, கருவி அதையும் சேர்த்துக் குடித்துவிடும். அதைச் சொல்லிக்கொடுத்தவனே பாண்டியம்மாள் கையைத் தேடியதில் தன் மூக்கை மறந்துவிட்டான்.

அறுவடை முடிந்து நீ பதிவுகளை எடுத்துப் பார்த்தாய். கூடுதல் வாயுக் கூண்டில் எப்படியும் ஏற்ற இறக்கம் இருக்கும், அது கண்ணில் படவில்லை. சாதாரணக் காற்றுக் கூண்டுகளில் பட்டது. காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில், பதினொரு நாள், வாயு திடீரென்று ஏறி இறங்கியிருந்தது. நீ பண்ணைக்குப் போய், வேலையாட்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் பாண்டியம்மாளைக் கேட்டாய். வால்வை மாற்றித் திருகினாயா, யூரியா போட்டாயா என்று. அவள் இல்லை என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாய். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாய். "நீங்க சொன்னது சரியாப் போச்சுப்பா. அந்தம்மாதான்." நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" சொன்னதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாயு ஏறிய நாட்கள் என்று நீ அனுப்பிய பட்டியலை மறுநாள் காலையில் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். பஸ் ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம். அதைப் பக்கத்தில் வைத்தேன். பதினொரு நாளும் பொருந்தின. வழக்கமாகப் போகிற செவ்வாய்க்கிழமைகளில் இரண்டில் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அந்த இரண்டு செவ்வாயும் உன் கோடு தட்டையாக இருந்தது. பாண்டியம்மாளோ ஒரு நாளும் விடாமல் வந்தவள். இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனை என் வேலைக்காலம் முழுவதும் எனக்கு அமைந்ததில்லை. அப்போதும் தற்செயலாக இருக்கலாமே என்று நினைத்தேன். கருவியில் கோளாறாக இருக்கலாம், ரோட்டில் லாரி நின்றிருக்கலாம் என்றும் நினைத்தேன். அடுத்தவளைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நீளமான வாய் போதுமானதாக இருந்தது. என்னைச் சந்தேகப்பட மட்டும் மேலும் மேலும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

சரி, மூச்சு நம்முடையது, பச்சையாவது அவளுடையதாக இருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை. அதில் மட்டும் நான் சரியாக இருந்துவிட்டால் பாதித் தலையாவது நிமிரும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரைச் சோதிக்க வாங்குகிற நைட்ரேட் பட்டைகள் கடையில் கிடைக்கின்றன. ஒரு டப்பா வாங்கி வந்து, என் மண் பொட்டலங்களைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒவ்வொன்றாகத் தோய்த்தேன். நைட்ரேட் இருந்தால் பட்டை ரோஸ் நிறமாகும். நைட்ரேட் சட்டிகளின் மண் ரோஸ் நிறம் காட்டியது, எதிர்பார்த்ததுதான். அமோனியச் சட்டிகளின் மண்ணும் காட்டியது. முதல் பொட்டலத்திலிருந்தே, இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாத அளவுக்கு.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். நீ போட்டது அமோனியம். ஆனால் சட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. காயவிட்டு மறுபடி ஊற்றும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, தினம் ஒரு லிட்டர். காற்று புகும் ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் அமோனியத்தைச் சில வாரங்களில் நைட்ரேட்டாக மாற்றிவிடும். சட்டியில் நீ ஒட்டிய சீட்டில் இரண்டு பெயர், வேருக்குப் போனது ஒரே சாப்பாடு. பிறகு எப்படி வித்தியாசம் தெரியும்? யாரும் யாருக்கும் திருட்டுத்தனமாக எதையும் போடவில்லை. கூண்டைக் கட்டிய முதல் நாள் உரத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாள் உன்னிடம் சொன்னாள், நானும் பக்கத்தில் நின்றேன். "நாங்க யூரியாவ வேப்பம்புண்ணாக்கோட பெரட்டி வச்சுத்தான் பாப்பா போடுவோம். மொட்டையாப் போட்டா நிக்காது." இது வயல் இல்லைம்மா, ஆராய்ச்சி என்று நீ சொன்னாய். நான் தலையாட்டினேன். வேப்பம்புண்ணாக்கு அந்த நுண்ணுயிர்களை மட்டுப்படுத்தும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. உன் பாடத்திலும் இருந்திருக்கும், என் பாடத்திலும் இருந்தது. அவள் வாயிலிருந்து வந்ததால் நம் இருவருக்கும் அது பாடமாகக் கேட்கவில்லை.

மீன்தொட்டிப் பட்டை ஆதாரம் ஆகாது. பொட்டலத்தில் காய்கிறபோதே மாறியிருக்கலாமே என்று நீ கேட்பாய், கேட்க வேண்டும். மீதி மண்ணை எல்லாம் தேதி வாரியாக வைத்திருக்கிறேன், உன் ஆய்வகத்தில் முறையாகப் பார். என் பேச்சை நம்பி ஒரு வரியும் எழுதாதே. ஆனால் நீ எழுதிவைத்திருக்கும் வரியையும் அப்படியே விடாதே. பணியாளர் தவறால் சில நைட்ரேட் சட்டிகள் நீக்கப்பட்டன என்று போனில் படித்துக் காட்டினாயே, அந்த வரி. அது எவ்வளவு வசதியான வரி என்று பார். அந்தச் சட்டிகளைத் தூக்கிவிட்டால் மீதி எண்கள் நீ எதிர்பார்த்த பக்கமே சாய்கின்றன. மேல் ஆராய்ச்சிக்கு அடுத்த மாதம் விமானம் ஏறுகிறவளுக்கு அப்படி ஒரு கட்டுரை கையில் இருந்தால் பெரிய பலம். வெளிநாட்டில் யார் வந்து பாண்டியம்மாளைக் கேட்கப் போகிறார்கள்? நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. நமக்கு வசதியான இடம் எதுவோ அங்கேதான் நம் சந்தேகம் முதலில் போய் உட்காரும் என்று சொல்கிறேன். உட்கார்ந்த பிறகு அதை எழுப்புவது கஷ்டம். ஆராய்ச்சியில் ஒரு பயலையும் நம்பாதே என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து நானே சொல்லிவந்திருக்கிறேன். அந்த அறிவுரையை வாபஸ் வாங்கவில்லை. அந்தப் பட்டியலில் முதல் பெயராக உன்னையும், அதற்கு முன்னால் என்னையும் சேர்த்துக்கொள்.

நேற்று பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். பண்ணையிலிருந்து ஒரு மைல் நடை. அவள் தன் அரை ஏக்கரில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்கய்யா. யூரியா மூட்டைய எண்ண வந்தீகளா? அந்தா வீட்டுக்குள்ள இருக்கு, போயி எண்ணிக்கங்க."

வரப்பில் நின்றுகொண்டே சொன்னேன். "கூண்டுக்குள்ள போனது நான்தான்மா. பதினோரு நாளும் நான்தான். என் மூச்சுதான் அந்த மிஷின்ல ஏறிருக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கோயிலுக்குப் போற மாதிரி வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போனா தெரியாதா? மோட்டார் கொட்டகையில ஒக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டே பாப்பேன். பெரியவரு பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டுப் பேன் பாக்குறாருன்னு நெனச்சுக்குவேன்."

"அப்ப ஏம்மா பாப்பாகிட்டச் சொல்லல? அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி கேட்டப்பவாவது சொல்லிருக்கலாமே?"

அவள் கையில் இருந்த களையின் மண்ணை உதறினாள். "பெத்த அப்பன மகக்கிட்ட, அதுவும் நாலு பேரு நிக்கையில, போட்டுக் குடுக்கச் சொல்றீகளா? அவுகளே சொல்லிருவாகன்னு பாத்தேன். ஒரு நாளு பாத்தேன், ரெண்டு நாளு பாத்தேன். பத்து நாளாச்சு, இப்பத்தான் வாரீக." களையை வரப்பில் போட்டுவிட்டு, "மூச்சு பட்டா கெட்டுரும்னு பாப்பாதான் சொல்லிக் குடுத்துச்சு. நான் தண்ணி ஊத்துறப்ப மூஞ்சிய வெளிய திருப்பிக்கிட்டுத்தான் ஊத்துவேன். இன்னும் கழுத்து வலி போகல" என்றாள்.

அதோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். பட்டைகள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. அப்படியும், பாப்பா, என் வாய் கேட்டது. "தப்பா நெனைக்காதம்மா. யூரியா... ஒரு சிட்டிக கூட...?"

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வெளுத்த பயிரப் பாத்தா கை பரபரங்கும்தான். அது பொறந்த வெதம். ஆனா தொடல. வளக்குறதுக்கா என்னையக் கூப்புட்டாக? ஊத்துறதுக்குக் கூப்புட்டாக. ஊத்துனேன்." பிறகு என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். "நம்புறீகளா இல்ல, அதுக்கும் ஒரு மிஷின் கொண்டாருவீகளா?"

நம்புகிறேன் என்று சொன்னேன். மறுபடியும் வேலைக்கு வர வேண்டும், பாப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வந்து சொன்னது ஒங்க மனசுக்கு. சந்தோசம். ஆனா எனக்கு நடந்தது களத்துல, அம்புட்டுச் சனமும் பாத்துக்கிட்டு இருந்துச்சு. கள்ளின்னு பேராச்சு. இப்ப அடுத்த தோட்டத்துல களையெடுக்கக் கூப்புடுறவன்கூட உர மூட்டைய எடுத்து உள்ள வச்சுட்டுத்தான் கூப்புடுறான். வரப்புல வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா அது போயிருமா? எங்க சொன்னாகளோ அங்க வந்து சொல்லச் சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். திரும்ப பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள்.

அவள் கேட்டதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை என்று எனக்குப் படுகிறது. அதனால் இதைக் கேட்கிறேன். கட்டுரையை நிறுத்து. அந்தப் பருவம் வீண் என்று நினைக்காதே. இரண்டு பெயரில் இரண்டு சோதனை செய்கிறோம் என்று நினைத்து ஒன்றையே இரண்டு முறை செய்திருக்கிறோம் என்பதும் ஒரு முடிவுதான். அதை அப்படியே எழுதினால் இன்னொருவர் இரண்டு பருவத்தை இழக்கமாட்டார். என் பதினொரு நாளையும் நேரத்தோடு தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரைப் போட்டே சேர்த்துக்கொள். பயண வேலைகள் கழுத்தை நெரிக்கும், தெரியும். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பண்ணையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவார்கள். அன்று இருந்த பத்துப் பேரும் அப்போது அங்கே இருப்பார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பாண்டியம்மாளையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு வரி எழுதி, கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்றாள். பத்துப் பேரிடம் என்றேன். நான்கு வரியில் முதல் இரண்டு என்னுடையது, எப்படியாவது சொல்லி முடித்துவிடுவேன். அடுத்த இரண்டு உன்னுடையது. அவற்றை உனக்காக நான் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கெல்லாம் அங்கே இருப்பேன்.

அப்பா